பதிமூன்று இலை

போன வருஷம், 2025 ஜூன் 13-ஆம் தேதி, பகல் ஒரு மணி வாக்கில் என் மகன் சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். நீளமான ஒரு மேசை. அதன்மேல் வரிசையாகப் பதிமூன்று பிரியாணிப் பொட்டலம். வெள்ளிக்கிழமை என்பதால் காய்கறிப் பிரியாணி. பின்னால் பிள்ளைகள் சிலர் நிற்பது தெரிகிறது. முகம் விழாதபடி படத்தை வெட்டியிருந்தான், அந்த மட்டும் சரி. கீழே, "அந்தோணியார் சாப்பாடு முடிஞ்சுதுப்பா. ஆப்லயே ஆர்டர் பண்ணிட்டோம். பாயசமும் உண்டு" என்று எழுதியிருந்தான்.

நானும் கட்டைவிரல் ஒன்றைப் போட்டு வைத்தேன். சாயங்காலம் பேரன் பேசினான். ஏழு வயசு. "இன்னிக்கு அந்தோணியாருக்கு என்னடா செஞ்சீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யலியே தாத்தா. ஸ்கூலுக்குப் போனேன், வந்தேன்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. வீட்டுத் திருநாள் அவனுக்குத் தெரியாமலே வந்து போயிருக்கிறது. பொட்டலம் கடையிலிருந்து கிளம்பி, யாரோ ஒரு பையனின் பைக்கில் ஏறி, அந்த இல்லத்து வாசலில் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டு வழியாக அது வரவே இல்லை.

அன்றிலிருந்து இதைப்பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து, நினைத்து, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சோம்பல் மட்டும் காரணம் இல்லை. இதை எழுதினால் 1961-ஐயும் எழுத வேண்டும். அது எனக்கு அவ்வளவு இஷ்டமான விஷயம் இல்லை.

நம் ஊரில் அந்தோணியார் சாப்பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் இதைப் படிக்கிற இந்து, முஸ்லிம் நண்பர்களுக்காக இரண்டு வரி. பதுவை அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அடக்கம் செய்தது அடுத்து வந்த செவ்வாய். அதனால்தான் செவ்வாய்க்கிழமை அவர் நாள். நேர்ச்சை வைத்துக்கொண்ட குடும்பங்களில் ஜூன் 13 அன்று பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். எங்கள் வீட்டில் பதிமூன்று பிள்ளைகள். தேதி பதிமூன்று என்பதால் பதிமூன்று என்று ஆயா சொல்லும். (அப்பாவின் அம்மா. ஆயா என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேலைக்காரம்மாள் என்று நினைக்கிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) என் அப்பா மூன்று வயசில் டைபாய்டில் கிடந்து பிழைத்ததற்கு ஆயா வைத்த நேர்ச்சை அது.

1961-இல் அந்த நாள் செவ்வாய்க்கிழமையே வந்தது. திருநாளும் கிழமையும் ஒன்றாக வந்தது என்று ஆயாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் இரவே வேலை ஆரம்பம். நானும் அக்காவும் பட்டாணி உரிக்க வேண்டும், முந்திரி உடைக்க வேண்டும். இலை நறுக்குவது அப்பா. விடிகாலைப் பூசைக்கு ஆயாவோடு நான் போக வேண்டும். திரும்பும் வழியில் ரொட்டிக் கிடங்கில் சொல்லி வைத்திருந்த பதிமூன்று சின்ன ரொட்டியை வாங்கிக்கொள்வோம். சூடான ரொட்டிப் பையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு நடப்பேன். அதில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பச்சைத் தண்ணீர். அதுவரை நாங்கள் பரிமாற வேண்டும்.

பரிமாறுவதற்கு ஆயா ஒரு சட்டம் வைத்திருந்தது. "போதுமா" என்று கேட்கக்கூடாது. "போதுமான்னு கேட்டா எந்தப் பிள்ளையும் போதும்னுதான் சொல்லும். இன்னும் கொஞ்சம் போடட்டான்னு கேளு" என்று சொல்லும். அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் எத்தனையோ சுற்றறிக்கை படித்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். இதைப்போல இரண்டே வரியில் காரியத்தைச் சொன்ன சுற்றறிக்கை ஒன்றும் நினைவில் இல்லை.

சோறு, பருப்பு, ஆட்டுக்கறிக் குழம்பு, உருளைக்கிழங்கு, பட்டாணி, அப்பளம், பாயசம், பழம். போகும்போது கையில் ஒரு ரொட்டி. குறை ஒன்றும் இல்லை. ஆனால் இடம்? எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம். அந்தப் பிள்ளைகளுக்கு இலை போட்டது தோட்டத்தில், கிணற்றடி வேம்பு நிழலில். அவர்கள் தெருவாசல் வழியாக வரவில்லை. பக்கத்துச் சந்துக் கதவைத் திறந்து வைப்பார்கள். அது ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கிணறு ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்காத மாதிரிதான் இதுவும்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயசு. அப்போது பள்ளிக்கூடம் காலையும் மாலையுமாக நடக்கும், நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவோம். பன்னிரண்டு மணிக்கு ஓடி வந்து, காலைக் கழுவிக்கொண்டு, பாயச வாளியைத் தூக்கினேன். பத்து இலை முடித்து, பதினோராவது இலைக்குக் குனிந்தால் அங்கே உட்கார்ந்திருந்தவன் என் வகுப்புக்காரன். ஒரே பெஞ்சு. பிரெஞ்சு வழிப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு நாள் 'திக்தே' உண்டு. வாத்தியார் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எனக்குப் பத்துப் பன்னிரண்டு பிழை வரும். அவனுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவனைப் பார்த்துத்தான் நான் பல தடவை தப்பித்திருக்கிறேன். அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ளவில்லை.

அவன் இலையைப் பார்த்தபடி இருந்தான். நானும் இலையைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் போடட்டா" என்று ஆயா சொல்லிக் கொடுத்ததைக் கேட்கவில்லை. ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் பன்னிரண்டாவது இலைக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பள்ளியில் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் உட்கார்ந்தோம். ஆனால் திக்தே எழுதும்போது அவன் இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். அடுத்த ஜூனில் சந்துக் கதவு வழியாக அவன் வரவில்லை. பின்னால் பிரான்சுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நான் அவனைத் தேடவும் இல்லை, எழுதவும் இல்லை. அறுபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. காணாமற்போனதை எல்லாம் அந்தோணியார் கண்டுபிடித்துக் கொடுப்பார் என்கிறார்கள். நான் இதைக் கேட்டதில்லை.

காணாமற்போனது என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. அலுவலகத்தில் கோப்பு ஒன்று தொலைந்தால் சக ஊழியர்கள், அதிலும் கிறிஸ்தவர் அல்லாதவர்கள், என்னிடம்தான் வருவார்கள். "உங்க அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி சொல்லிவிடுங்க சார்." பாதி நேரம் கோப்பு மேலதிகாரியின் மேசையிலேயே வேறொரு கோப்புக்கு அடியில் இருக்கும். மெழுகுவத்திக் காசு மட்டும் எனக்கு ஒழுங்காக வந்துவிடும். அதில் நான் ஊழல் செய்ததில்லை, ஏற்றி விடுவேன்.

ஆனால் இது அந்த மனிதருக்கு நாம் செய்கிற அநியாயம் என்று இப்போது தோன்றுகிறது. எவ்வளவு பெரிய ஆளைச் சாவிக் கொத்துத் தேடுகிற வேலையில் உட்கார வைத்துவிட்டோம்! லிஸ்பனில் வசதியான வீட்டில் 1195-ஐ ஒட்டிப் பிறந்தவர். ஞானஸ்நானப் பெயர் பெர்னாந்து. படித்த துறவியாக ஒரு மடத்தில் இருந்தார். மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல் கொய்ம்ப்ரா நகருக்கு வந்ததைப் பார்த்து, 1220-இல் அந்த ஏழைச் சபையில் போய்ச் சேர்ந்தார். தென் பிரான்சில் சில வருஷம் போதித்திருக்கிறார், மோன்பெல்லியே, துலூஸ், லிமோழ் பக்கமெல்லாம். இறக்கும்போது முப்பத்தாறு வயசுதான். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1232 மே 30-ஆம் தேதி புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு ஒரு ஓய்வூதியக் கோப்பு நகர்வதற்கே அதைவிட அதிக நாள் ஆகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பதுவா நகரசபையின் சட்டம் ஒன்று. 1231 மார்ச் 15-ஆம் தேதி இட்டது. கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்க முடியாதவனை ஆயுள் முழுக்கச் சிறையில் போட்டு வைக்கிற வழக்கம் அந்த ஊரில் இருந்தது. அவன் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் ஆளைச் சிறையில் வைக்கக்கூடாது என்பது சட்டம். சகோதரர் அந்தோணியின் வேண்டுகோளின் பேரில் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அவர் இறப்பதற்கு மூன்று மாசத்துக்கு முன்னால். எந்த மெழுகுவத்திக்கும் கட்டுப்படாமல் ஊர்ப் பெரிய மனிதர்களை உட்கார வைத்துச் சட்டம் எழுத வைத்த ஆள் அவர். குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது எந்தப் புதுமையையும்விடப் பெரிய புதுமை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ரொட்டிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தோணியாருக்கும் என்ன சம்பந்தம்? பழைய கதை ஒன்று உண்டு. பதுவாவில் தொம்மாசினோ என்று ஒரு குழந்தை, இரண்டு வயசுகூட நிறையவில்லை, தண்ணீர்த் தொட்டியில் விழுந்து மூழ்கிவிட்டது. தாய்க்காரி அழுதுகொண்டே, பிள்ளை பிழைத்தால் அதன் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள், பிழைத்தது. அதிலிருந்து குழந்தையைத் தராசில் வைத்துத் தானியம் கொடுக்கும் வழக்கம் வந்தது என்கிறார்கள். துலாபாரம் என்றால் நம் இந்து நண்பர்களுக்கு உடனே புரியும்.

'அந்தோணியார் ரொட்டி' என்ற இன்றைய பழக்கம் பரவியது பிரான்சிலிருந்துதான். துலோன் துறைமுகத்தில் 1890 வாக்கில் லுயீஸ் பூஃபியே என்று ஒரு கடைக்கார அம்மாள். ஒரு நாள் காலையில் கடைக் கதவுப் பூட்டு திறக்கவில்லை. கொல்லன் வந்து பார்த்துக் கதவை உடைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டான். உடைக்காமல் திறந்தால் ஏழைகளுக்கு ரொட்டி தருகிறேன் என்று அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டாள், திறந்துவிட்டது. கடையின் பின்னறையில் ஒரு சுரூபத்தை வைத்தாள். பக்கத்தில் ஒரு உண்டியல். அக்கம்பக்கத்தார் அவரவர் வேண்டுதலுக்குக் காசு போட, அந்தக் காசில் அநாதைப் பிள்ளைகளுக்கு ரொட்டி போயிற்று. பிறகு ஊர் ஊராக அந்த உண்டியல் கோவில்களுக்குள் வந்துவிட்டது.

ஆக, என் மகன் செய்ததற்கும் துலோன் அம்மாள் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவளும் காசுதான் சேர்த்தாள். பிள்ளைகளும் அவள் வீட்டுக்கு வந்து உட்காரவில்லை. இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழ்ப்புத்துப்பட்டுப் பக்கமிருந்து என் நண்பர் ஒருவர் போன் போட்டுச் சொல்லுவார். அவருக்கு என் எழுத்தில் ஓட்டை தேடுவதுதான் ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு.

அநாதை இல்லத்துக்குச் சோறு அனுப்புவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. அவர்களுக்கு வருஷத்தில் 365 நாளும் பசிக்கும். திருநாளிலும் பிறந்த நாளிலும் நாலு பேர் பிரியாணி அனுப்பி, அது மிஞ்சி வீணாகி, மறுநாள் அரிசிக்கு அலைகிறார்கள் என்று அப்படி ஓர் இடத்தில் இருக்கிற சிஸ்டர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஆகவே ஏதாவது ஒரு சாதாரண நாளில் பணமாகக் கொடுங்கள், படம் எடுக்காமல் கொடுங்கள். அது ஒரு காரியம். வீட்டுத் திருநாள் வேறு காரியம். அது வீட்டுப் பிள்ளைகளுக்காக. தன் வீட்டுக் கூடத்தில், தன்னுடைய தட்டிலும் இலையிலும், தான் அறியாத ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்து சாப்பிடுவதை அந்த வீட்டுப் பிள்ளை பார்க்க வேண்டும். தன் பங்கு முந்திரியை இன்னொருவன் பாயசத்தில் போட வேண்டும். இதை ஆப்பில் செய்ய முடியாது.

கூடத்தில் என்று சொன்னேன். அங்கேதான் என் குடும்பம் நெடுங்காலம் தவறியது. எங்கள் குடும்பம் மட்டும் தவறியதா? சம்பா கோவிலில் ஒரு காலத்தில் நடுவில் சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். அந்தச் சுவரைப்பற்றி 1745-இல் நடந்த ரகளையை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோவிலே 1761-இல் இங்கிலீஷ்காரர்கள் ஊரை இடித்தபோது போய்விட்டது. இப்போது நாம் பூசை காணும் கோவில் அதற்குப் பிறகு கட்டியது. அந்தச் சுவரும் போய்விட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போகிற கதவில் அது இருநூறு வருஷம் கழித்தும் இருந்தது.

ஆயா 1966-இல் காலமானது. பிறகு அம்மா நடத்தினார்கள், அதே தோட்டம், அதே சந்துக் கதவு. நான் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் முடிந்து, எனக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அதேதான். அப்பா இருக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. இதை வீரமாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்பா போன பிறகு 1984 ஜூனில் நானும் மனைவியும் முடிவு செய்து இலையைக் கூடத்தில் போட்டோம். தெருக்கதவைத் திறந்து வைத்தோம். வந்த பிள்ளைகளுக்கே தயக்கம். பழகிய சந்துப் பக்கம் போய் நின்றார்கள், என் மனைவி போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். உறவினர் ஒருவர், பழைய சொல்தா, பிரெஞ்சுப் பென்ஷன்காரர், சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எந்த ஜூன் 13-க்கும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார். கேக்கு சாப்பிடுவார். நாங்களும் கொடுப்போம்.

இன்னொரு மாற்றம் மனைவியுடையது. எங்கள் இரண்டு பிள்ளைகளையும் பரிமாற விடாமல் வரிசைக்கு நடுவில் உட்கார வைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆயாவின் சட்டத்துக்கு மாறாயிற்றே. "பரிமாறுறவன் நிக்கிறான், சாப்பிடுறவன் உக்காந்திருக்கான். நீங்க நின்னதாலதானே அன்னிக்கு உங்களால அவன்கிட்ட பேச முடியல?" என்றாள். அவளிடம் மட்டும்தான் அந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். கடைசியில் ஒரு சமாதானம் செய்துகொண்டோம். சோறும் குழம்பும் நாங்கள் போடுவது, பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடுவது. பாயசத்துக்கு மட்டும் எங்கள் பிள்ளைகளும் வந்த பிள்ளைகளில் இருவரும் எழுந்து எல்லோருக்கும் ஊற்றுவது. வருஷத்துக்கு வருஷம் கீழே கொட்டினார்கள். கூடத்தில் இரண்டு நாள் எறும்பு.

அந்த எறும்புக் கூடத்தில் வளர்ந்தவன்தான் இப்போது பொட்டலம் அனுப்புகிறான். அதனால்தான் மனசு கேட்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு அவர்கள் வந்திருந்தபோது பேச்சை எடுத்தேன். மகன் வழக்கம்போலப் போனைப் பார்த்தான். பதில் சொன்னது மருமகள். "மாமா, தப்பா நினைக்காதீங்க. பதிமூணு ஏழைப் பசங்கன்னு எங்க போய்த் தேடுறது? தேடிப் பிடிச்சு, நீ ஏழை, வா எங்க வீட்டுல சாப்பிடுன்னு கூப்பிட்டா அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அதுக்குப் பார்சல் தேவலை. அங்க யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை."

எனக்குச் சுருக்கென்றது. 1961-ஐ அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளாகச் சொன்னாள். பதினோராவது இலையில் உட்கார்ந்திருந்தவனின் கட்சியை அறுபத்தைந்து வருஷத்தில் முதல்முதலாக ஒருத்தர் என் வீட்டில் பேசினார்.

அவள் சொன்னது பெரும்பாலும் சரி. நம் ஊரிலேயே இப்போது நிலைமை மாறிவிட்டது. அரிசி கிடைக்காத வீடு குறைவு, அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும். ஏழை என்று முத்திரை குத்தி ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற உரிமை யாருக்கும் இல்லை. முன்பும் இல்லை, நாம் எடுத்துக்கொண்டோம். ஆனால் அதற்கு மருந்து யாரும் யாரையும் பார்க்காமல் இருப்பதா? நான் சொன்னேன்: ஏழை என்ற சொல்லையே எடுத்துவிடு. பிள்ளைகளைக் கூப்பிடு. உங்கள் அடுக்குமாடியில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள், வாட்ச்மேன் பிள்ளைகள், கீழே துணி தேய்க்கிறவர் பேத்தி, பேரனோடு பள்ளி வேனில் வருகிற இரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே அழைப்பு: எங்கள் வீட்டில் அந்தோணியார் திருநாள், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சாப்பிடலாம். வாட்ச்மேன் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் அது கிணற்றடி. எல்லோரோடும் சேர்த்துக் கூப்பிட்டால் விருந்து.

"நம்ம கூட ஒருத்தரும் கிறிஸ்டியன் இல்லையே மாமா, செபம் எல்லாம் சொல்லணுமா?" என்றாள். செபம் வீட்டார் காலையிலேயே சொல்லிக்கொள்ளலாம். விருந்தாளிப் பிள்ளையின் வாயில் நம் செபத்தைத் திணிப்பது மரியாதை இல்லை. கதை சொல்லலாம். ரிமினி ஊரில் ஜனங்கள் பிரசங்கம் கேட்க வராதபோது, அந்தோணியார் கடற்கரையில் போய் மீன்களுக்குப் பிரசங்கம் செய்ததாக ஒரு கதை இருக்கிறது. மீன்கள் தலையைத் தூக்கி வரிசையாக நின்று கேட்டனவாம். சின்ன மீன் முன்னால், பெரிய மீன் பின்னால். எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் இது பிடிக்கும். தொம்மாசினோ கதையையும் சொல்லி, குளியலறைத் தராசில் பேரனை நிறுத்தி, அந்த எடைக்கு அரிசி வாங்கி ஏதாவது ஓர் இல்லத்துக்குக் கொடுத்தனுப்பலாம். பையனுக்குக் கணக்குப் பாடமும் ஆயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் என்ன சாப்பிடும், என்ன சாப்பிடாது என்று அதனதன் அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொள்வது முக்கியம். எங்கள் காலத்தில் கேட்டதில்லை, போட்டதைச் சாப்பிட்டார்கள். அதுவும் சரியில்லைதான்.

பதிமூன்று என்ற கணக்கை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அதற்கு என் மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அது எப்படிப்பா? பதிமூணுதான் ஆயாவோட நேர்ச்சை" என்றான். அவன் ஆயாவைப் பார்த்ததே இல்லை. அவன் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே போய்விட்டது. ஆனால் நேர்ச்சைக் கணக்கு தெரிகிறது. சரி, பதிமூன்றே இருக்கட்டும், பதினாலாவது ஆள் வந்தால் திருப்பி அனுப்பாதே என்றேன்.

அப்புறம் இடப் பிரச்சினை. அவர்கள் வீட்டுக் கூடம், சோபாவையும் டி.வி. மேசையையும் தாங்கிக்கொண்டு மிச்சம் இருப்பது ஒரு பாய் விரிக்கிற இடம். மருமகள் எழுந்து போய் எங்கள் கூடத்தில் அடியால் அளந்து பார்த்தாள். சோபாவை நடைவழியில் தள்ளினால் ஒன்பது இலை போடலாம், மீதியைப் படுக்கையறையில் போடலாம் என்றாள். படுக்கையறை வேண்டாம், எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கட்டிலைக் கழற்று என்றேன். "கட்டிலையா!" என்றான் மகன். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. மொட்டை மாடியில் பந்தல் போட முடியுமா என்று அடுக்குமாடிச் சங்கத்தில் கேட்பது என்று இப்போதைக்கு நிற்கிறது. ஜூன் வெயிலில் மொட்டை மாடி எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் என்னைக் கேட்பவர் யார்.

இந்த வருஷம் ஜூன் 13 சனிக்கிழமை வருகிறது. பள்ளி விடுமுறை. நான் வெள்ளிக்கிழமையே போய்விடுவேன், இலை நறுக்க. ரொட்டி இங்கிருந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பேரன் நேற்றுப் போனில் அவனுடைய பட்டியலைப் படித்துக் காட்டினான். இதுவரை பதினாறு பெயர் இருக்கிறது. அதில் இரண்டு பேரோடு அவனுக்கு இப்போது பேச்சு வார்த்தை இல்லையாம். "அவங்களைக் கூப்பிடவா, வேணாமா தாத்தா?" என்றான். கூப்பிடு, பாயசம் நீயே ஊற்று என்றேன். ஊற்றும்போது என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.